முதலில் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்: பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றம் தொடங்குகிறவர்களுக்கு

சுற்றுச்சூழல் மன்றத்தின் முதல் கூட்டம் பெரும்பாலான பள்ளிகளில் ஒரே மாதிரிதான் நடக்கும். ஒரு மாணவி சுவரொட்டி எழுதலாம் என்பாள். இன்னொருவன் மரக்கன்று நடலாம் என்பான். வாசகப் போட்டி, பேரணி, உறுதிமொழி என்று பட்டியல் நீளும். பொறுப்பாசிரியர் அத்தனையையும் கரும்பலகையில் எழுதுவார். அடுத்த வாரம் சுவரொட்டி தயாராகும். அதற்கடுத்த வாரம் கன்று நட்டுப் படம் எடுப்பார்கள். அப்புறம் தேர்வு வரும், விடுமுறை வரும். திரும்பி வந்து பார்த்தால் கன்று இருந்த இடத்தில் ஒரு குச்சி நிற்கும். குப்பைத் தொட்டி மட்டும் எப்போதும்போல நிரம்பி வழியும்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு வருடம் சுவரொட்டியிலேயே போனது. மூன்றாவது வருடம் ஒரு மாணவி, "சார், நம்ம ஸ்கூல்ல ஒரு நாளைக்கு எவ்வளவு குப்பை வருது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தலைமையாசிரியருக்கும் தெரியவில்லை. துப்புரவுப் பணி செய்த அம்மாவிடம் கேட்டோம். "பெரிய பையில நாலு, மழை நாள்ல அஞ்சு" என்று சட்டென்று சொன்னார். எங்கள் மன்றம் உண்மையில் தொடங்கியது அன்றுதான்.

அதனால் புதிதாகப் பொறுப்பு ஏற்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் மாதம் எதையும் மாற்ற வேண்டாம், எண்ணிப் பார்த்தால் போதும். எண்ணி முடித்த பிறகு, யாருக்கும் புத்தி சொல்லாமல், பொருள்கள் இருக்கும் இடத்தையும் ஏற்பாட்டையும் மாற்றுங்கள்.

ஆள் சேர்ப்பது

பன்னிரண்டிலிருந்து பதினைந்து பேர் போதும். நாற்பது பேர் பெயர் கொடுத்தால் மகிழ்ச்சிதான், ஆனால் வாரா வாரம் வேலைக்கு வருகிறவர்கள் எப்படியும் பன்னிரண்டு பேராகத்தான் இருப்பார்கள். எல்லாரையும் ஒரே வகுப்பிலிருந்து எடுக்காதீர்கள். மேல் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த ஆண்டே போய்விடுவார்கள், அவர்களோடு மன்றமும் போய்விடும். பாதிப் பேராவது இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் பள்ளியில் இருக்கப்போகிறவர்களாக இருக்கட்டும்.

நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்த வேலைக்கு அது சரிப்படாது. இடைவேளையில் பள்ளிக்குப் பின்புறம் சுற்றுகிறவன், எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த அறைப் பூட்டு விழாது என்று தெரிந்தவன் ஒருவன் இருப்பான். அவனை விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளைவிட முக்கியமான மூன்று பெரியவர்கள் இருக்கிறார்கள். குப்பையை அள்ளுகிறவர், மின்கட்டண ரசீதையும் தண்ணீர்க் கட்டண ரசீதையும் கோப்பில் வைத்திருக்கும் அலுவலகப் பணியாளர், மின்சாரமும் குழாயும் பழுதானால் கூப்பிடப்படுகிறவர். மூவரையும் முதல் கூட்டத்திற்கே அழையுங்கள். பொன்னாடை போர்த்தக் கூப்பிடுகிறோம் என்று நினைத்துவிடக் கூடாது, கேள்வி கேட்கக் கூப்பிடுங்கள். பள்ளி எப்படி ஓடுகிறது என்பது நமக்கெல்லாம் தெரிவதைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

தலைமையாசிரியரிடம் போகும்போது சின்னதாகக் கேளுங்கள். "பள்ளியைப் பசுமை வளாகமாக்கப் போகிறோம்" என்றால் அவர் சிரித்துத் தலையாட்டுவார், அதோடு சரி. "மூன்று நாள் மாலையில் அரை மணி நேரம் குப்பையை எடை போட அனுமதி வேண்டும்" என்றால் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

குப்பையைப் பிரித்து எடை போடுவது

இதுதான் அடித்தளம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாள் பார்த்து வையுங்கள். விழா நாள், தேர்வு நாள், விடுமுறைக்கு முந்தைய நாள் எதுவும் வேண்டாம், வாரத்தின் நடுவில் ஒரு சாதாரண நாள்தான் சரி. ஒரு நாள் கணக்கை நம்ப முடியாது, குறைந்தது மூன்று நாள் வேண்டும். தேவையானவை: தரையில் விரிக்கத் தார்ப்பாய், ஒவ்வொருவருக்கும் கையுறை, ஐந்தாறு வாளிகள், கொக்கியில் தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசு, ஒரு நோட்டு, ஒரு பேனா. நோட்டு எழுதுகிறவர் குப்பையைத் தொடக் கூடாது, இல்லாவிட்டால் நோட்டே குப்பையாகிவிடும்.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கழிப்பறைக் குப்பை, மருத்துவ அறைக் குப்பை, ஆய்வகக் குப்பை ஆகியவற்றைப் பிள்ளைகள் தொடவே கூடாது. அவை வழக்கமான வழியிலேயே போகட்டும். உடைந்த கண்ணாடி, பிளேடு, பேட்டரி கண்ணில் பட்டால் பெரியவர் ஒருவர் எடுத்துத் தனியே வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கையுறை போட்டவர்களும்தான்.

தார்ப்பாயில் கொட்டி ஆறு குவியலாகப் பிரியுங்கள். மீந்த உணவு ஒன்று. காய், பழத் தோல், சருகு, செடி வெட்டியது ஒன்று. உலர்ந்த தாளும் அட்டையும் ஒன்று. நனைந்த, அழுக்கான தாள் ஒன்று. பிளாஸ்டிக் ஒன்று. மீதமெல்லாம் கடைசிக் குவியல். வாளியில் அள்ளி எடை பார்த்து, வெறும் வாளியின் எடையைக் கழித்து எழுதுங்கள். இந்தக் கழித்தலை மறப்பவர்கள்தான் அதிகம். எங்கள் முதல் நாள் கணக்கு முழுவதும் வாளிகளின் எடை சேர்ந்த கணக்கு. மறுநாள்தான் கவனித்தோம்.

உலர்ந்த தாளையும் நனைந்த தாளையும் ஏன் பிரிக்கச் சொல்கிறேன் என்றால், அங்கேதான் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. உலர்ந்த தாளைப் பழைய தாள் வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார். அதே தாள் மீந்த உணவோடு ஒரே தொட்டியில் விழுந்தால் எண்ணெயும் ஈரமும் ஏறிவிடும், பிறகு யாரும் வாங்க மாட்டார்கள். நான்காவது குவியல் பெரிதாக இருந்தால், உங்கள் பள்ளியில் தாள் வீணாவதோடு, தொட்டிகள் தப்பான இடத்தில் இருக்கின்றன என்றும் அர்த்தம். அதைச் சரி செய்யப் பெரிதாக ஒன்றும் செலவாகாது.

உலர்ந்த தாளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட தாள்களையும், பாதிகூட எழுதாமல் தூக்கிப்போட்ட நோட்டுகளையும் தனியே எடுங்கள். ஒவ்வொரு தாளாக எண்ண வேண்டியதில்லை. வழக்கமான 80 கிராம் ரக (அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்றின் எடை ஏறக்குறைய 5 கிராம். ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர், ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு, 80-ஐ 16-ஆல் வகுத்தால் 5. ஆக, ஒரு கிலோ தாள் என்றால் 200 தாள். எடையை வைத்தே எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம். கணக்குப் பிடிக்காத பிள்ளைகள்கூட இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பிளாஸ்டிக் குவியலில் முக்கோண அம்புக்குறிக்குள் 1 முதல் 7 வரை எண்கள் இருக்கும். அந்தக் குறி இருந்தாலே மறுசுழற்சி ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் ஒன்று கொண்டுவந்த அடையாள எண் அது, என்ன வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டும்தான் சொல்லும். 1 என்றால் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட், 2 என்றால் கெட்டியான டப்பா வகை, 5 என்றால் பாலிபுரொப்பிலீன், 7 என்றால் 'மற்றவை'. அவற்றில் எதை எடுத்துக்கொள்வார்கள் என்பதை உங்கள் பகுதியில் பழைய பொருள் வாங்குகிறவரிடம் நேரில் கேட்டால்தான் தெரியும். கேட்காமல் பிரித்து வைத்தால், ஆறு மாதம் கழித்து ஒரு அறை நிறைய யாருக்கும் வேண்டாத பிளாஸ்டிக் இருக்கும்.

தண்ணீரும் மின்சாரமும்

இதற்குக் கையுறை வேண்டாம், ஒரு டம்ளரும் கடிகாரமும் போதும். ஒழுகும் குழாய்க்கு அடியில் பத்து நிமிடம் டம்ளரை வைத்து, சேர்ந்த நீரை அளவுக் குடுவையில் ஊற்றிப் பாருங்கள். 100 மில்லி இருந்தால் மணிக்கு 600 மில்லி, ஒரு நாளைக்கு 14.4 லிட்டர், வருடத்துக்கு 5,256 லிட்டர். ஒரே ஒரு குழாயில். "குழாய் ஒழுகுகிறது" என்று பத்து முறை சொல்லியும் அசையாதவர்கள், இந்த எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கொஞ்சம் அசைவார்கள். ஒழுகுவதற்குப் பெரும்பாலும் தேய்ந்த வாஷர்தான் காரணம் என்பதையும் கூடவே எழுதிவிடுங்கள்.

கழிப்பறை நீர்த்தொட்டி ஒழுகினால் கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. தொட்டிக்குள் உணவு நிறமி சில சொட்டு விட்டு, யாரும் பயன்படுத்தாமல் அரை மணி நேரம் விடுங்கள். கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் அடைப்பான் சரியாக மூடவில்லை. இந்தச் சோதனைக்கு மட்டும் பிள்ளைகளிடையே போட்டி வந்துவிடும், யார் நிறம் ஊற்றுவது என்று.

இதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு, நிறையப் பேர் செய்வதில்லை. மாலையில் பள்ளி பூட்டும்போது தண்ணீர் மீட்டரையும் மின்மீட்டரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை திறக்கும்போது மீண்டும் எடுங்கள். இரவெல்லாம் ஆளில்லாத பள்ளியில் தண்ணீர் மீட்டர் நகர்ந்திருந்தால், மேல்தொட்டி நிரம்பியதா என்று மட்டும் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் எங்கோ ஒழுகுகிறது. மின்மீட்டர் எப்படியும் கொஞ்சம் நகரும், காவல் விளக்கு, குளிர்பெட்டி எல்லாம் ஓடுமே. ஆனால் எதிர்பார்த்ததைவிட அதிகமாக நகர்ந்தால், அணைக்காமல் போன கணினி அறையில் தேடலைத் தொடங்குங்கள்.

வகுப்பறைக்கு ஒரு கணக்கு. 20 வாட் எல்இடி குழல்விளக்கு நான்கு, 75 வாட் மின்விசிறி இரண்டு என்றால் மொத்தம் 230 வாட். உணவு இடைவேளையில் ஒரு மணி நேரம் ஆளில்லாமல் ஓடினால் 0.23 யூனிட். இருபது அறைக்கு 4.6 யூனிட். 200 பள்ளி நாளுக்கு 920 யூனிட். உங்கள் அறைகளில் இருப்பதை எண்ணி உங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். விளக்கைவிட விசிறிதான் அதிகம் இழுக்கிறது என்பதைப் பிள்ளைகள் அப்போதுதான் கவனிப்பார்கள்.

ஒன்றை மட்டும் எடுங்கள்

மூன்று வாரம் அளந்தால் கையில் பத்துப் பதினைந்து குறைகள் சேர்ந்துவிடும். எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கை வைக்கத் தோன்றும், அடக்கிக்கொள்ளுங்கள். எதை எடுப்பது என்று தீர்மானிக்க நான் கேட்கும் கேள்விகள் மூன்று. யாரிடமும் பணம் கேட்காமல் தொடங்க முடியுமா? மூன்று மாதத்தில் மாற்றம் தெரியுமா? அந்த மாற்றத்தை எண்ணிக் காட்ட முடியுமா? மூன்றுக்கும் ஆமாம் என்று வருவது பெரும்பாலும் தாளாகவோ ஒழுகும் குழாயாகவோ இருக்கும். கூரையில் சூரியத் தகடு வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். நல்ல யோசனைதான், மூன்றாம் ஆண்டுக்கு எடுத்து வையுங்கள்.

இலக்கை எழுதும்போது 'தாள் வீணாவதைத் தடுப்போம்' என்று எழுதாதீர்கள். 'தொட்டியில் விழும் ஒருபக்கத் தாளை வாரத்துக்கு ஆறு கிலோவிலிருந்து மூன்று கிலோவுக்குக் குறைப்போம்' என்று உங்கள் அளவை வைத்து எழுதுங்கள். நடந்ததா இல்லையா என்று யாரும் வாதாட முடியாதபடி இருக்க வேண்டும்.

ஏற்பாட்டை மாற்றுவது

தாளை வீணாக்குகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு அருகில் இருப்பது ஒரே ஒரு தொட்டி, கையில் இருப்பதை அதில் போடுகிறார்கள், அவ்வளவுதான். அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டு வைத்து 'ஒருபக்கத் தாள்' என்று எழுதுங்கள். கசக்காமல் தட்டில் வைப்பது, கசக்கித் தொட்டியில் போடுவதைவிடச் சுலபமாக இருக்க வேண்டும். வாரக் கடைசியில் அந்தத் தாள்களைத் தைத்துக் கணக்குப் போடும் நோட்டாக்கிவிடலாம். பெயர், மதிப்பெண், முகவரி போன்ற விவரம் உள்ள தாள்களை மட்டும் அலுவலகத்தினர் முன்பே எடுத்துவிட வேண்டும். எங்கள் மன்றம் தைத்த நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு வகுப்பின் மதிப்பெண் பட்டியல் முழுசாக இருந்தது. இதற்கு மேல் அந்தக் கதையைச் சொல்ல விரும்பவில்லை.

தொட்டிகள் எப்போதும் ஜோடியாக நிற்க வேண்டும். தாள் தொட்டியைத் தனியாக ஒரு மூலையில் வைத்தால் அதில் உணவு விழும், உணவுத் தொட்டியைத் தனியாக வைத்தால் அதில் தாள் விழும். தாள் தொட்டிக்கு அகலமான வாய் கூடாது. மூடியில் நீளமாக ஒரு பிளவு மட்டும் வெட்டிவிடுங்கள். கை நிறைய மீதி உணவோடு வருகிறவர் அதைப் பார்த்ததும் தானாகவே பக்கத்துத் தொட்டிக்குப் போவார். ஒரு அட்டைப் பெட்டியும் கத்தரிக்கோலும் செய்கிற வேலையைப் பத்துச் சுவரொட்டி செய்யாது.

விளக்கும் அப்படித்தான். எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று தெரியாததால்தான் எல்லாவற்றையும் போடுகிறார்கள். சுவிட்ச் பலகையில் 'ஜன்னல் பக்கம்', 'பலகை பக்கம்', 'முன் விசிறி' என்று சிறிய தாள் ஒட்டுங்கள். பகல் வெளிச்சம் வரும் ஜன்னல் பக்க விளக்கு, யாரும் சொல்லாமலே அணைந்திருக்கும்.

இதையெல்லாம் செய்யும் முன் ஒன்றை விசாரித்துவிடுங்கள். நீங்கள் இரண்டாகப் பிரித்து வைத்த குப்பை கடைசியில் எங்கே போகிறது? பல இடங்களில் மாலையில் இரண்டும் ஒரே பையில் சேர்ந்துவிடும். அதற்கு அள்ளுகிறவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குக் கொடுத்திருப்பது ஒரே பைதானே. பிள்ளைகள் அதை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், பிறகு யார் சொன்னாலும் பிரிக்க மாட்டார்கள். எனவே கடைசிக் கட்டத்தை முதலில் சரி செய்யுங்கள்: இரண்டாவது பை, தாள் சேர்த்து வைக்க மழை படாத இடம், எடுத்துப்போக ஒரு ஆள். தொட்டிக்கு வண்ணம் அடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

உரம் போடுவது

தோட்டமோ நாலு தொட்டிச் செடியோ இருக்கும் பள்ளி என்றால் உரம் தயாரிக்கலாம். பாதி மன்றங்கள் துர்நாற்றம் வந்ததும் கைவிடுவது இதைத்தான். நாற்றம் வருவதற்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான்: ஈரமும் பச்சையும் அதிகம், காற்றும் சருகும் குறைவு.

மட்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். தோலிலும் பச்சைக் கழிவிலும் நைட்ரஜன் அதிகம், காய்ந்த சருகிலும் கிழித்த அட்டையிலும் கார்பன் அதிகம். தராசெல்லாம் வேண்டாம். ஒரு வாளி பச்சைக்கு இரண்டு மூன்று வாளி சருகு, அவ்வளவுதான் கணக்கு. சருகு உதிரும் காலத்தில் கோணியில் கட்டிச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கழிவு தினமும் வரும், சருகு தினமும் வராது. நாங்கள் முதல் முறை தோற்றது இந்த ஒரே காரணத்தால்தான்.

அடியில் குச்சிகளைப் பரப்பி, அதன்மேல் ஒரு அடுக்குச் சருகு, ஒரு அடுக்குப் பச்சை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். மேல் அடுக்கு எப்போதும் சருகாகவே இருக்க வேண்டும், அப்போதுதான் ஈ மொய்க்காது. ஈரம் பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும், கையில் பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் காற்று உள்ளே போகும். குவியல் ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் இருந்தால் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் பெரும்பாலான களை விதைகளும் நோய்க்கிருமிகளும் அழிந்துவிடும். பிள்ளைகளை ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'நெருப்பே இல்லாம எப்படி சார் சுடுது?' என்ற கேள்வி வந்தால் அன்றைய அறிவியல் பாடம் அதுதான். சிறிய பீப்பாய் அவ்வளவு சூடாகாது, ஆனாலும் மட்கும், மெதுவாக.

இறைச்சி, எலும்பு, பால் பொருள், எண்ணெய்ப் பதார்த்தம் இவற்றைப் போடாதீர்கள். எலி வரும். நாய், பூனைக் கழிவும் கூடாது. மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் வாசனையோடு வந்துவிட்டால் உரம் தயார். சல்லடையில் சலித்து, மட்காத குச்சிகளை அடுத்த குவியலுக்கு அடியில் போட்டுக்கொள்ளலாம்.

மரக்கன்று பற்றிச் சுருக்கமாக

நடுவதற்கு முன் ஒரு கேள்வி: நீண்ட விடுமுறையில் தண்ணீர் ஊற்றப்போவது யார்? பெயர் சொல்ல முடியாவிட்டால் நடாதீர்கள். பெயர் சொல்ல முடிந்தால், மழைக்காலத் தொடக்கத்தில், அந்த மண்ணுக்கே உரிய மரமாகப் பார்த்து நடுங்கள். நூறு கன்று நட்டோம் என்று எழுதாமல், ஓராண்டு கழித்து எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எழுதுங்கள். அடியில் சருகு மூடாக்கு போடும்போது தண்டை ஒட்டிப் போடாமல் நாலு விரல் தள்ளிப் போட வேண்டும், இல்லாவிட்டால் தண்டு அழுகும். பத்துக் கன்று பிழைத்தாலே பெரிய விஷயம்.

எண்ணைக் காட்டுவது, போட்டி வைக்காமல்

எல்லாரும் நடந்து போகும் வழியில் ஒரு சிறிய பலகை வையுங்கள். அதில் வாரத்துக்கு ஒரே ஒரு எண்: இந்த வாரம் இவ்வளவு கிலோ, போன வாரம் இவ்வளவு. வேறு வாசகம் எதுவும் வேண்டாம். கூடினாலும் எழுதுங்கள். கூடிய வாரத்தில்தான் ஆசிரியர்கள் நின்று காரணம் கேட்பார்கள்.

வகுப்புகளுக்கிடையே போட்டி வைப்பதை நான் நிறுத்திவிட்டேன். 'குப்பை குறைந்த வகுப்பு' என்று ஒருமுறை பரிசு அறிவித்தோம். வென்ற வகுப்பு, தன் குப்பையைப் பக்கத்து வகுப்புத் தொட்டியில் கொட்டியிருந்தது. இரண்டாவதாக வந்த வகுப்பு புத்தகப் பைக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தது. பரிசு வாங்கியவர்களிடம் கோபப்படக்கூட முடியவில்லை, அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தார்கள்.

பாடத்தோடு சேர்த்தால் இந்த வேலைக்கு ஆயுள் கூடும். வாரக் கணக்குகளைக் கணக்கு ஆசிரியரிடம் கொடுத்தால் வரைபடமாகிவிடும். கூரை அளவை வைத்து மழைநீரைக் கணக்கிடலாம்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர், அதில் கொஞ்சம் தெறித்தும் ஆவியாகியும் போகும். சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று கூட்டம் நடத்த வேண்டியிருக்கும். 1972-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐநா மாநாடு தொடங்கிய நாள் அது. அன்று பேச்சாளரைக் கூப்பிடாமல், ஆண்டு முழுவதும் எழுதிய எண்களை மன்றத்துப் பிள்ளைகளே வாசிக்கட்டும்.

ஒரு வருடம் ஓடி, நோட்டும் கையுமாகப் பழகிவிட்ட பிறகு, வெளியே இருக்கும் திட்டங்களைப் பார்க்கலாம். 1992 ரியோ மாநாட்டுக்குப் பிறகு 1994-இல் தொடங்கிய ஈகோ ஸ்கூல்ஸ் என்ற பன்னாட்டுத் திட்டம் பல நாடுகளில் நடக்கிறது. குழு அமைப்பது, ஆய்வு செய்வது, செயல் திட்டம், கண்காணிப்பு, பாடத்தோடு இணைப்பது, மற்றவர்களுக்குத் தெரிவிப்பது, பள்ளிக்கென ஒரு உறுதிமொழி என்று ஏழு படிகள், தேறினால் பச்சைக் கொடி. மேலே சொன்னதையெல்லாம் செய்திருந்தால் அந்த ஏழில் பெரும்பாலானவை ஏற்கெனவே முடிந்திருக்கும். கொடிக்காக முதல் வருடமே ஓடினால், படிவம் நிரப்புவதுதான் மன்றத்தின் வேலை ஆகிவிடும்.

அடுத்த ஆண்டுக்கு ஒப்படைப்பது

வருடக் கடைசியில், தேர்வு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே, பொறுப்பை அடுத்த வகுப்புக்கு மாற்றுங்கள். பழைய ஆளும் புதிய ஆளும் சேர்ந்து மூன்று வாரம் எடை போடட்டும். சொல்லிக் கொடுத்தால் மறந்துவிடும், கூட நின்று செய்தால் நிற்கும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தைச் சில விவரங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். தராசு எந்த அலமாரியில் இருக்கிறது. வெறும் வாளியின் எடை எவ்வளவு. பழைய தாள் எடுக்க எந்தக் கிழமை வருவார்கள். வாஷர் மாற்றிய குழாய்கள் எவை, இன்னும் மாற்றாதவை எவை. சருகுக் கோணி எத்தனை மிச்சம் இருக்கிறது. விடுமுறையில் உரக்குழியைக் கிளறவும் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றவும் எந்த வாரம் யார் வருகிறார்கள், பின்வாசல் சாவி யாரிடம் இருக்கிறது. எங்கள் நோட்டில் அந்தச் சாவி வரிக்கு நேராக மூன்று பெயர்கள் அடித்து எழுதப்பட்டிருக்கின்றன. நான்காவது பெயர், எவ்வளவு குப்பை வருகிறது என்று அன்றைக்குக் கேட்ட மாணவியின் தம்பியுடையது.